செஞ்சியில் பாய்ந்த குண்டும் முயலை எய்த அம்பும்

செஞ்சிக் கோட்டை என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வருபவன் தேசிங்குராஜன். கோட்டையைக் கட்டியவர்களின் வரிசையில் அவன் இல்லை. அதை ஆண்டதும் ஓராண்டுகூட நிறையாத காலம்தான். கோனார்கள், நாயக்கர்கள், பீஜப்பூரார், மராட்டியர், மொகலாயர் என்று எத்தனையோ கொடிகள் அந்த மூன்று குன்றுகளின் மேல் பறந்து இறங்கின. ஆயினும் மக்கள் பாடியது இருபத்திரண்டு வயதில் மாண்ட ஒரு புந்தேல இளைஞனைத்தான். தேஜ் சிங் என்ற அவன் பெயரைத் தமிழ்ப்படுத்தித் தேசிங்கு ஆக்கி, கூத்திலும் பெரிய எழுத்துப் புத்தகத்திலும் நிலைபெறச் செய்தார்கள். 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்துத் திரைப்படமாகவும் வந்தது.

அவன் இறந்த விதம் இருவகையாகச் சொல்லப்படுகிறது. ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, 1714 அக்டோபரில் சிறு படையுடன் களம் புகுந்த தேசிங்கு துப்பாக்கிக் குண்டு பட்டு வீழ்ந்தான் என்பது வரலாறு. செஞ்சியைப் பற்றி விரிவாக ஆராய்ந்து 1943-இல் நூல் வெளியிட்ட சி.எஸ். சீனிவாசாச்சாரி, பாரசீக ஆவணங்களையும் துணைக்கொண்டு இந்தப் போரை விவரிக்கிறார். கதைப்பாடல் கூறுவதோ வேறு. உயிர்த்தோழன் மோவுத்துக்காரனும் அவனுடைய குதிரை நீலவேணியும் மாண்டபின், தேசிங்கு தன் வாளை வான்நோக்கி வீசி, திரும்பி வரும் வாளுக்கு மார்பைக் காட்டி உயிர்விடுகிறான். குண்டுக்கு அங்கே இடமே இல்லை. தேசிங்கைக் கொல்லும் தகுதி தேசிங்குக்கு மட்டுமே உண்டு என்று பாடியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

இதை வெறும் மிகைப்படுத்தல் என்று கடந்துபோக நமக்கு மனமில்லை. தொலைவிலிருந்து வரும் ஒரு குண்டு, பாடுவோனுக்குப் பெரிய சிக்கலைத் தருகிறது. அதை ஏவியவன் யார், அவன் வீரம் எத்தகையது, அவன் முகம் எப்படி இருந்தது என்று எதுவும் பாட முடியாது. வாளுக்கு ஒரு கையும் கைக்கு ஓர் ஆளும் உண்டு. குண்டுக்குப் புகை மட்டுமே உண்டு. ஆகவே மக்கள் மரபு குண்டைக் கதையிலிருந்து நீக்கிவிட்டு, வீரனின் கையிலேயே அவன் சாவையும் கொடுத்தது.

இந்த மனப்போக்குக்கு நம் இலக்கியத்தில் நீண்ட வேர் உண்டு. படைச்செருக்கு அதிகாரத்தில் வள்ளுவர் இரு காட்சிகளை அருகருகே வைக்கிறார். ஒருவன் காட்டு முயலைக் குறி தவறாமல் எய்துவிட்டான். இன்னொருவன் யானையை நோக்கி வேலை எறிந்தான், அது பட்டதாயில்லை. வள்ளுவர் இனிது என்று சொல்வது இரண்டாமவன் கையில் ஏந்திய வேலைத்தான். இலக்கின் பெருமையே அவருக்கு அளவுகோல். எய்தியதா தவறியதா என்பது பின்னால்தான் வருகிறது. புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் வில்லாளியை எடுத்துக்கொள்வோம். அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி, கடைசியில் புற்றருகே கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. நாம் அவனை வல்வில் ஓரி என்று போற்றுகிறோம். 'வல்' என்ற அடை வில்லின் வலிமையைக் குறிக்கிறது. மராமரம் ஏழையும் துளைத்த இராமனின் அம்பைக் கம்பன் பாடும்போதும் நாம் வியப்பது துளைத்துச் செல்லும் ஆற்றலைத்தான். பறவையின் கண்ணை மட்டுமே கண்ட அருச்சுனன் கதையை நாம் ஓயாமல் சொல்வது உண்மை. ஆனால் அது மாணவனுக்குச் சொல்லும் கதை. களத்துக்குச் சொல்லும் கதை அன்று.

வில்லில் வலிமையும் குறியும் ஒரே தோளிலிருந்து பிறந்தன. நாணை இழுப்பவனே குறியும் பார்த்தான். துப்பாக்கி வந்தபோது இந்த இரண்டும் பிரிந்தன. வலிமை வெடிமருந்துக்குப் போயிற்று. மனிதனிடம் மீந்தது குறி ஒன்றே. அப்படியானால் துப்பாக்கியின் காலம் குறிபார்ப்பவனின் காலமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? செஞ்சியின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1690 செப்டம்பரில் ஜுல்ஃபிகர்கான் தலைமையில் மொகலாயப் படை செஞ்சியின் முன் வந்து இறங்கியது. உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் இராஜாராம். பீரங்கிகளுக்கும் துப்பாக்கிகளுக்கும் பஞ்சமில்லாத அந்தப் படைக்குக் கோட்டை பணிந்தது 1698-இன் தொடக்கத்தில்தான். அதற்கு முன்பே இராஜாராம் தப்பிச் சென்றுவிட்டார். ஏறத்தாழ எட்டாண்டு முற்றுகை! அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஓரிரவில் கைப்பற்றினார். அவருக்கு உதவியது இருளும், வாயிற்கதவுகளைத் தகர்த்த வெடிமருந்தும், கீழே இருந்த படை கலைந்து ஓடியதும்தான். இரண்டு வெற்றிகளிலும் குறிபார்த்துச் சுட்ட தனிமனிதனுக்குப் பெரிய பங்கு எதுவுமில்லை.

அதே 1750-ஆம் ஆண்டு டிசம்பரில், செஞ்சிக்கு அருகே பாசறையிட்டிருந்த நிஜாம் நாசிர்ஜங் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் பகைவரல்லர், அவர் பக்கத்தில் இருந்ததாக அவர் நம்பிய கடப்பை நவாபு. யானைமேல் இருந்தவரை நெருங்கிவந்து சுட்ட குண்டு அது. தென்னிந்திய அரசியலை ஒரே நாளில் புரட்டிப்போட்ட அந்தக் குண்டுக்குத் தேவைப்பட்டது துரோகம், குறி தேவைப்படவில்லை. தேசிங்கின் மார்பில் பாய்ந்தது கைகலப்பின் நடுவே வந்த குண்டு. நாசிர்ஜங்கின் மார்பில் பாய்ந்தது கைக்கெட்டும் தொலைவில் வந்த குண்டு.

இதன் காரணம் துப்பாக்கிக் குழலுக்குள் இருந்தது. அக்காலத்துத் திரித்துப்பாக்கிக்கும், பின்னர் வந்த கும்பெனிப் படையின் துப்பாக்கிக்கும் உட்புறம் வழுவழுப்பான குழல். வாய்வழியே குண்டைப் போட்டுக் கெட்டிக்க வேண்டும் என்பதால் குழலின் விட்டத்தைவிடக் குண்டு சற்றுச் சிறியதாக இருக்கும். சுடும்போது அது குழலின் சுவர்களில் மோதி மோதி வெளியேறும். கடைசி மோதல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் விலகிச் செல்லும். பொறுமையாக மருந்திட்டு, தாங்கியில் வைத்துச் சுட்ட வேட்டைக்காரர்களில் கைதேர்ந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். புகையும் புழுதியும் குதிரைகளும் சூழ்ந்த களத்தில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை. அமெரிக்கப் போரில் பணியாற்றிய ஜார்ஜ் ஹேங்கர் என்ற ஆங்கிலேயப் படையதிகாரி 1814-இல் இதைப்பற்றி ஒளிவுமறைவின்றி எழுதினார். சாதாரணப் படைத்துப்பாக்கி எண்பது கெஜத்தில் ஓர் ஆளைத் தாக்கும், நூறு கெஜத்திலும் தாக்கக்கூடும், நூற்றைம்பது கெஜத்தில் ஒருவன் அடிபட்டால் அது அவனுடைய கெட்ட நேரம் என்பது அவர் கருத்தின் சாரம். ஆகவே படைகள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டன. குறியின் குறையை எண்ணிக்கையால் நிரப்பினார்கள்.

குழலின் உட்சுவரில் திருகுபோல் வரிவெட்டி, குண்டைச் சுழலவிட்டால் அது நேர்க்கோட்டில் செல்லும் என்பது ஐரோப்பியக் கைவினைஞர்களுக்குப் பதினாறாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. இந்த வரிக்குழல்தான் ரைஃபிள் என்ற பெயருக்கே காரணம். ஆனால் வரிகளைக் கவ்வும் குண்டை வாய்வழியே அறைந்து இறக்க நேரம் பிடித்ததால், படைகள் அதைப் பரவலாக ஏற்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. குறிபார்த்தலின் வரலாறு உண்மையில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்த வரலாற்றில் மிகச் சிறிய துப்பாக்கிக்குத்தான் மிகப் பெரிய இடம் கிடைத்தது. 1845-இல் ஃப்ளோபேர் என்ற பிரெஞ்சுக்காரர், தீப்பொறி தரும் சிறு செப்புக் குப்பியின் வாயிலேயே ஓர் ஈயக்குண்டைப் பொருத்தினார். தனியே வெடிமருந்து கிடையாது. வீட்டுக்கூடத்தில் பொழுதுபோக்காகச் சுடுவதற்கானது. 1857-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இதில் சிறிது மருந்தும் சேர்த்து .22 தோட்டாவை வெளியிட்டது. 1887-இல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் சற்று நீளமான வடிவத்தைக் கொண்டுவந்தது. '.22 லாங் ரைஃபிள்' என்ற அந்தத் தோட்டாதான் இன்றும் உலகெங்கும் சுடப்படுகிறது. தீமூட்டும் கலவை தோட்டாவின் அடிவிளிம்புக்குள் பரப்பப்பட்டிருக்கும். சுத்தி விளிம்பை நசுக்க அது பற்றிக்கொள்ளும். ரிம்ஃபயர் என்ற பெயர் அதனால் வந்தது.

இதன் குண்டு பொதுவாக 2.6 கிராம் எடை, அதாவது ஏறத்தாழ இருபத்தொரு குன்றிமணி. பழைய படைத்துப்பாக்கியின் குண்டோ முப்பது கிராமுக்கு மேல். சிறியது என்பதால் தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. இதுவும் ஆளைக் கொல்லும். ஆனால் இதன் வெடியோசை குறைவு, தோளில் உதைப்பதும் குறைவு, விலையும் குறைவு. உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொள்ளும் புதியவன், இதில் கண்ணைத் திறந்தபடியே சுடப் பழகுகிறான். துப்பாக்கி மனிதனிடம் குறியை மட்டும் விட்டுவைத்தது என்றோம். இந்தச் சின்னத் தோட்டா வலிமையையும் ஏறக்குறைய இல்லாமலாக்கி, குறியைத் தனியே பிரித்துக் காட்டியது. வள்ளுவர் சொன்ன முயல் வேட்டைக்கே ஏற்ற கருவி இது என்பதும் பொருத்தம்தான்.

குறிபார்க்கக் கற்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வியும் இத்துடன் எழுந்தது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் ஃபிரடெரிக் ராபர்ட்ஸ். படைவீரர்களின் சுடுதிறனை வளர்ப்பதில் இங்கிருந்தபோதே தனி அக்கறை காட்டியவர். பின்னாளில் அவர் தென்னாப்பிரிக்காவில் போயர்களை எதிர்த்துப் போரிட்டார். சிறுவயது முதல் குறிபார்த்துப் பழகிய குடியானவர்களிடம் பேரரசின் படைகள் அடிவாங்கிய போர் அது. பாடம் கற்ற பிரிட்டனில் 1901-இல் தொழிலாளர் ரைஃபிள் கழகங்களுக்கான சங்கம் தோன்றியது. ராபர்ட்ஸ் அவ்வியக்கத்தின் பெரிய ஆதரவாளர். ஆலைத் தொழிலாளியும் எழுத்தரும் மாலை வேளைகளில் .22 துப்பாக்கியால் காகித இலக்கைச் சுட்டுப் பழகினார்கள்.

அதே ஆண்டுகளில் செஞ்சியில் ஒரு குடியானவன் அப்படிப் பழகியிருக்க முடியுமா? 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமம் என்ற வேலியைப் போட்டது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. பேரரசின் தலைநகரில் குடிமகனின் கடமையாகப் போற்றப்பட்ட பயிற்சி, இங்கே குடிமகனிடம் ஐயத்துக்குரியதாயிற்று. இதன் முரண்நகையை 1909-இல் லண்டன் நேரில் கண்டது. கர்சன் வைலியைச் சுட்டுக்கொன்ற மதன்லால் திங்ரா, டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் யாரும் காசு கொடுத்துச் சுடக்கூடிய ஒரு கூடத்தில் பழகியிருந்தது வழக்கு விசாரணையில் வெளிவந்தது. இந்திய மண்ணில் கிடைக்காத பயிற்சி லண்டன் கடைத்தெருவில் கிடைத்தது.

லண்டனில் திங்ராவின் வட்டத்தில் இருந்த வ.வே.சு. ஐயர் 1910-இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். குளத்தங்கரை அரசமரத்தின் ஆசிரியராகவும் கம்பனின் திறனாய்வாளராகவும் இலக்கிய வாசகர்கள் அறிந்த அதே ஐயர், அங்கே இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடவும் கற்பித்தார். புதுச்சேரி பிரெஞ்சு மண்; ஆங்கிலேயரின் ஆயுதச் சட்டம் அதன் எல்லையில் நின்றுவிட்டது. 1750-இல் புஸ்ஸியின் படை செஞ்சிக்குப் புறப்பட்டு வந்த பிரெஞ்சுத் தலைநகரம் இப்போது இப்படி ஒரு புகலிடமாயிற்று. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். ரயில்பெட்டிக்குள் மிக அருகிலிருந்து சுட்ட கைத்துப்பாக்கி அது. பின்னர் வாஞ்சி தன்னையே சுட்டுக்கொண்டார். தன் சாவைத் தன் கையிலேயே வைத்துக்கொண்ட தேசிங்கின் கதை நமக்கு நினைவுக்கு வராமல் போகாது.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. 1948-இல் தேசிய மாணவர் படை அமைந்தது. மறு ஆண்டு பெண்களுக்கான பிரிவு. 1951-இல் மக்களவையின் முதல் தலைவர் ஜி.வி. மாவலங்கரின் முயற்சியில் இந்திய தேசிய ரைஃபிள் சங்கம் உருவானது. நம் கல்லூரிகளில் பயிலும் கிராமத்துப் பிள்ளைகளில் பலர், வாழ்நாளில் ஒரே முறை துப்பாக்கியைத் தொடுவது என்.சி.சி. முகாமில்தான். அவர்கள் கைக்கு வருவது .22. இருபத்தைந்து கெஜத் தொலைவில் காகித இலக்கு, தரையில் படுத்த நிலை, ஐந்து தோட்டா. அங்கே முதலில் பார்ப்பது நடுப்புள்ளியில் பட்டதா என்பதை அன்று. ஐந்து துளைகளும் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்பதையே. இதற்குக் 'குரூப்பிங்' என்று பெயர். துளைகள் ஓரத்தில் விழுந்தாலும் ஒன்றாக விழுந்தால் கவலையில்லை. துப்பாக்கியின் காட்சிக்குறியைத் திருகி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். சிதறினால் அதைத் திருத்த எந்தத் திருகாணியும் இல்லை. சுடுபவர்தான் மாற வேண்டும்.

போட்டிகளில் தொலைவு ஐம்பது மீட்டர். பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், நம் சட்டைப் பொத்தான் அளவு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே அறுபது சென்டிமீட்டர் இடைவெளி என்று கொள்வோம். அவை ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஐம்பது மீட்டரில் குண்டு எட்டு சென்டிமீட்டருக்கு மேல் விலகும். நடுவட்டத்தைத் தாண்டாதிருக்க வேண்டுமானால் பிசகு ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு தலைமயிரின் கனம். நாடித்துடிப்பே துப்பாக்கியை அவ்வளவு அசைத்துவிடும். ஆகவேதான் மூச்சை விட்டு, அடுத்த மூச்சு தொடங்குமுன் உள்ள சிறு அமைதியில் விசையை அழுத்துகிறார்கள்.

பழைய துப்பாக்கிக்கும் புதியதற்கும் உள்ள வேற்றுமை இங்கே சுவையானது. பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் செய்த மார்ட்டினி வகைத் துப்பாக்கிகள் மரக்கட்டையும் எஃகும் கொண்ட எளிய கருவிகள். இன்றைய ஜெர்மன் அன்ஷூட்ஸ், வால்தர் துப்பாக்கிகளில் கன்னம், தோள், கை ஆகியவற்றின் அளவுக்கு ஏற்ப ஒவ்வொரு பாகத்தையும் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தலாம். ஆனால் இரண்டும் சுடுவது 1887-இன் அதே தோட்டாவைத்தான். நல்ல குழலும் தக்க தோட்டாவும் அமைந்தால் பாட்டன் காலத்துத் துப்பாக்கியும் வியக்கும்படி சுடும். விளிம்பில் பரவும் கலவை சீராக அமைவது ஆலையின் கையில் இருப்பதால், தேர்ந்த போட்டியாளர்கள் தம் துப்பாக்கியைத் தாங்கியில் பூட்டி, வெவ்வேறு நாள் செய்த தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, ஒத்துவருவதையே வாங்குகிறார்கள். ஒலியின் வேகத்துக்கு உட்பட்ட தோட்டாவையே விரும்புகிறார்கள். ஒலியின் வேகத்தைக் கடந்து மீண்டும் அதற்குக் கீழே இறங்கும் குண்டு காற்றில் நிலைகுலையும். இந்தக் கலையில் வேகம்கூட ஒரு குறையாகிவிடுகிறது.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஐம்பது மீட்டர் படுத்துச்சுடும் போட்டியில் வங்காளத்தின் ஜாய்தீப் கர்மாகர் 699.1 புள்ளிகளுடன் நான்காவதாக வந்தார். பதக்கம் 1.9 புள்ளிகளில் தவறியது. யானை பிழைத்த வேல் என்று நாம் அதைக் கொண்டாடினோமா? இல்லை, நான்காம் இடத்தை யாரும் பாடுவதில்லை. 2024 பாரிஸில் மூன்று நிலைகளில் சுடும் ஐம்பது மீட்டர் போட்டியில் சுவப்னில் குசாலே வெண்கலம் வென்றார். கோலாப்பூர் மாவட்டத்துக்காரர் அவர். இராஜாராம் செஞ்சி வருமுன் தங்கிய பன்ஹாளாக் கோட்டை அம்மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் பன்ஹாளாவும் செஞ்சியும் சேர்ந்தே இடம்பெற்றன. செஞ்சியைப் போலவே பழைய தென்னாற்காட்டைச் சேர்ந்த கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வென்றவர். அவருடையது தோட்டா இல்லாத, காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி. வலிமையைக் குறைத்துக்கொண்டே வந்த பாதையின் அடுத்த படி அது.

வள்ளுவரைத் திருத்துவது நம் நோக்கமன்று. அவர் போர்க்களத்தில் நின்று பேசினார்; அங்கே யானையை நோக்கிய வேல்தான் இனிது. ஆனால் அந்த அளவுகோலை நாம் எல்லா இடத்துக்கும் எடுத்துச் செல்கிறோம். பெரிதாக முயன்று தோற்றவனுக்குக் காவியம் பாடுகிறோம். சிறியதைப் பிழையின்றிச் செய்தவனை 'முயல்தானே' என்று கடந்துபோகிறோம். பாடம் திருத்துவதிலும், ஓலைச்சுவடி படிப்பதிலும், கல்வெட்டைப் படியெடுப்பதிலும் இந்த மனப்பான்மையின் விலையைத் தமிழ்ப்படித்தவர்கள் நாம் நன்றாகவே அறிவோம். ஓர் எழுத்துப் பிசகினால் ஓர் ஊரின் பெயரே மாறிவிடும். அங்கெல்லாம் நமக்கு வேண்டியது முயலை எய்தவனின் கண்.

தேசிங்கைச் சாய்த்த குண்டை ஏவியவனின் பெயர் மக்கள் நினைவில் தங்கவில்லை. அவன் குறிபார்த்தானா, கூட்டத்தை நோக்கிச் சுட்டானா என்று யாரும் கேட்டதுமில்லை. என்.சி.சி. முகாமில் சுட்டு முடிந்ததும் இலக்குத் தாளைக் கழற்றி எடுத்து வருவார்கள். அதில் ஐந்து துளைகளும், ஓரத்தில் சுட்ட மாணவியின் பெயரும் எண்ணும் இருக்கும்.